டெய்லரம்மாவும் ஒரு அங்குலமும்

தச்சருக்காகப் பதினோரு நாள் காத்திருந்தாயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை டெய்லரம்மா மறுபடி போன் போட்டாள். "இதோ, பாதி வழி வந்துட்டேன்" என்றார் அவர். பின்னாலேயே ஒரு பெண் குரல், "எந்திரிச்சு பல்லை வெளக்கிட்டுப் பேசினா என்ன" என்று கேட்டது. டெய்லரம்மா போனை வைத்தாள்.

வேண்டியிருந்தது ஒரே ஒரு பலகை. முன்னறையில் இரண்டு தூண்களுக்கு நடுவே சுவர் ஓரடி உள்வாங்கி ஒரு மாடம் போல இருந்தது. வீட்டைக் கட்டியவர் எதற்காக அப்படி விட்டார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அதன் குறுக்கே ஒரு பலகை போட்டால் தைத்து முடித்த துணிகளை அடுக்கலாம். இப்போது அவை கட்டில் மேல் கிடந்தன. ராத்திரியானால் அவற்றை நாற்காலிக்கு மாற்றிவிட்டுப் படுக்க வேண்டும், விடிந்தால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அவள் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் அவரே ஒருநாள், "எனக்கும் அந்தத் துணிக்கும் கட்டில்ல மாத்தி மாத்தி ஷிப்ட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

டெய்லரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் அந்த முன்னறையில், இரண்டு தையல் மெஷின்களுக்கு நடுவில் போயிருந்தது. பெண்களுக்கான சட்டை, கவுன், ஆஸ்பத்திரி சீருடை, பள்ளிக்கூடச் சீருடை என்று எல்லாம் தைப்பாள். அளவெடுக்கும் டேப் கழுத்தில் கிடந்தபடியே பாங்குக்குப் போவாள், பல் பிடுங்கப் போவாள். தெருவில் எதிரே வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, "முப்பத்தெட்டு, தோள் கொஞ்சம் சரிவு" என்று வாய்க்குள் முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. அவள் தைத்த துணி பிடிக்கவில்லை என்று திரும்பி வந்ததே இல்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பலகையை அளக்கத் தச்சர் எதற்கு?

"மனுஷங்க உடம்பையே அளந்துட்டேன். மூச்சு விடும், நெளியும், வயித்தை எக்கிக்கும். பலகை என்ன பண்ணப் போகுது, சும்மா கிடக்கப் போகுது" என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதற்கும் ஆட்டும் தலை, எனக்கென்ன என்பதற்கும் ஆட்டும் தலை.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மாடத்தின் குறுக்கே பிடித்தாள். ஐம்பத்தொன்பது அங்குலம். நோட்டில் எழுதினாள். எழுதிய கையோடு, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் தையலுக்குச் சேர்த்து அறுபது என்று வட்டம் போட்டாள். மரக்கடைக்குப் போய் அறுபது அங்குலப் பலகை ஒன்று அறுத்து வாங்கி வந்தாள். மாடத்தின் இரு பக்கச் சுவரிலும் அரை அங்குலக் கனத்தில் மெல்லிய ரீப்பர் கட்டைகளைத் திருகாணி போட்டு இறுக்கினாள். பலகையைத் தூக்கி அவற்றின் மேல் வைத்து உள்ளே தள்ளினாள்.

பலகை, பெட்டிக்குள் தீக்குச்சித் தட்டு போவதைப் போல வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. நடுவில் ஒரு தாளைக்கூடச் சொருக முடியவில்லை.

அன்றைக்கு அவளைப் பிடிக்க ஆளில்லை. துணியை வாங்க வந்த ஒவ்வொருவரையும் மாடத்துக்கு முன்னால் நிறுத்தி, ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். கீழ்வீட்டில் குடியிருக்கும் அவள் தங்கச்சியும் ஏறி வந்து பார்த்தாள். தங்கச்சிக்கு வாய் அதிகம். யாரையும் லேசில் பாராட்டிவிட மாட்டாள். பலகையைத் தட்டிப் பார்த்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், குறை ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கா" என்றாள். அதுவே பெரிய விருது.

கீழ்வீடும் அதே அச்சு. அதே இடத்தில் அதே மாடம். டெய்லரம்மா இறங்கிப் போய்ப் புதிதாக அளந்தாள். ஒருத்தி அளவில் இன்னொருத்திக்குத் தைக்கிற ஆள் இல்லை அவள். அங்கேயும் ஐம்பத்தொன்பது. மறுபடியும் அதே மரக்கடை.

முதல் தடவை கடையில் கூட்டமாக இருந்ததால் அறுப்புக்காரர் பேச்சுக் கொடுக்கவில்லை. இந்தத் தடவை ஆளில்லை. மரத்தூளுக்குப் பயந்து முகம் முழுக்கத் துண்டைச் சுற்றியிருப்பார். கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

"எவ்வளவு டெய்லரம்மா?"

"ஐம்பத்தொன்பது. ரெண்டு பக்கமும் அரை அரை விட்டு அறுபதா அறுத்துடுங்க."

துண்டுக்கு மேலே கண் இரண்டும் சுருங்கின. "எதுக்கு அரை அரை?"

"தையலுக்கு" என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அறுப்புக்காரர் மெஷினை நிறுத்தினார். துண்டு உள்ளேயும் வெளியேயும் போய் வந்தது, சிரிக்கிறார். "மடிச்சு அடிக்கப் போறீங்களா? காஜா ஏதும் எடுக்கணுமா?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேலே தன் வீட்டில் அந்தப் பலகை அவ்வளவு அழகாக உட்கார்ந்திருப்பதை அவள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? ஐம்பத்தொன்பது அங்குலத்துக்குள் அறுபது அங்குலப் பலகை போனதற்கு அவளிடமே விளக்கமில்லை. "சரி, ஐம்பத்தொன்பதே அறுங்க" என்றாள்.

தங்கச்சி வீட்டு மாடத்தில் அந்தப் பலகை இடது பக்க ரீப்பரில் உட்கார்ந்தது. வலது பக்கம் ரீப்பரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. நடுவுக்குத் தள்ளினால் இரண்டு பக்கமும் நுனிக்கால் போட்டுக்கொண்டு நின்றது. டெய்லரம்மா கையை எடுத்தாள். பலகை நேராகத் தங்கச்சியின் வலது கால் கட்டைவிரலில் இறங்கியது.

தங்கச்சி நான்கு நாள் நொண்டினாள். முதல் நாள் வலியால், மீதி மூன்று நாள் பார்க்க ஆள் இருந்ததால். வாசலில் யார் தலை தெரிந்தாலும், "எங்கக்கா அலமாரி போட்டுக் குடுத்தா" என்று காலைத் தூக்கிக் காட்டினாள்.

டெய்லரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கோபம் முழுக்க அறுப்புக்காரர் மேல். சேர்த்த அளவு சரியாக வந்தது. சேர்க்காத அளவு கட்டைவிரலில் விழுந்தது. இதைவிட என்ன ருசு வேண்டும்? துண்டுக்குள் ஒளிந்துகொண்டு சிரிக்கிறவன் பேச்சைக் கேட்டது தன் தப்பு என்று முடிவு கட்டினாள்.

அந்த வாரம் வீட்டுக்காரர் பணிமனையிலிருந்து வரும் வழியில் ஓர் இரும்பு டேப் வாங்கி வந்தார். மஞ்சள் டப்பாவுக்குள் சுருண்டிருக்கும், இழுத்து விட்டால் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை. "மரத்துக்கு இதுதான் தோதுன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இரும்பு டேப்பைத் தங்கச்சி வீட்டு மாடத்தில் வைத்தாள். அறுபது என்றது. போன தடவை ஐம்பத்தொன்பது காட்டிய சுவர் இப்போது எப்படி அறுபதானது என்று ஒரு கணம் யோசித்தாள். அவசரத்தில் தப்பாகப் படித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பக்கமும் அரை அரை சேர்த்து அறுபத்தொன்று என்று எழுதினாள். இந்தத் தடவை வேறு கடைக்குப் போனாள்.

அறுபது அங்குல இடத்துக்குள் அறுபத்தொரு அங்குலப் பலகை நேராகப் போகாது. ஆனால் சாய்த்தால் போகும். டெய்லரம்மா சாய்த்தாள். ஒரு முனை ரீப்பரில் உட்கார்ந்தது, மறுமுனை ஒரு சாணுக்கும் மேலே சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அதை இறக்குவதற்குக் குழவியை எடுத்து வந்தாள். முதல் அடியில் நான்கு விரற்கடை இறங்கியது. இரண்டாவது அடியில் சுவர்க் காரை தட்டளவு பெயர்ந்து விழுந்து உள்ளே செங்கல் தெரிந்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு பலகை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

தங்கச்சி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "சறுக்குமரம்னு முன்னாடியே சொல்லியிருந்தா கீழ கொஞ்சம் மணல் கொட்டி வச்சிருப்பேனே."

"வாயை மூடுடி."

"மூடிக்கிறேன். அந்தச் செங்கலை யாரு மூடுவாங்க?"

டெய்லரம்மா தரையில் உட்கார்ந்தாள். எதிரே இரும்பு டேப் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. தான் இருபத்திரண்டு வருடமாக நம்பிய டேப் ஐம்பத்தொன்பது என்றது. நேற்று வந்தது அறுபது என்றது. யார் பொய் சொல்கிறார்கள் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. இரும்பு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, அதை விற்ற கடைக்கே போனாள்.

"இது ஒரு இன்ச் அதிகமா காட்டுது. மாத்திக் குடுங்க."

கடைக்காரர் சாதுவான மனிதர். இன்னொரு இரும்பு டேப்பை எடுத்து அதன் பக்கத்தில் நீட்டி வைத்தார். இரண்டும் கோடுக்குக் கோடு ஒத்துப்போயின. "அப்ப ரெண்டும் தப்பு" என்றாள் டெய்லரம்மா. மூன்றாவதை எடுத்தார். நான்காவதை எடுத்தார். மேஜை நிறைந்துவிட்டது. கடைசியில் உள்ளே போய்த் தையல்காரர்கள் வாங்கும் துணி டேப் ஒன்றைப் புதிதாக உறை பிரித்துக் கொண்டுவந்து அதையும் வைத்தார். அதுவும் இரும்பு டேப்புகளின் பக்கமே சேர்ந்துகொண்டது. பிறகு கையை நீட்டி, "உங்களுதைக் குடுங்க" என்றார்.

அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். வரிசையின் ஓரத்தில் அதை இழுக்காமல், தளர்வாகத்தான் வைத்தார். அதன் அறுபதாவது கோடு மற்றவற்றின் அறுபத்தொன்றில் போய் நின்றது.

"இந்தக் கடை டேப் எல்லாம் கூட்டுச் சேர்ந்து உங்களை ஏமாத்துதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் கடைக்காரர்.

இருபத்திரண்டு வருடம் இடுப்புகளைச் சுற்றி இறுக்கியது, துவைத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டது, இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அதைக்கொண்டே ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டியது எல்லாம் சேர்ந்து டேப்பை நீட்டிவிட்டிருந்தன. நீண்ட டேப் எதையும் குறைத்துத்தான் காட்டும். அறுபதை அது ஐம்பத்தொன்பது என்று படித்திருக்கிறது. முதல் பலகைக்கு அவள் தையலுக்காகச் சேர்த்த ஒரு அங்குலம், டேப் தின்ற ஒரு அங்குலத்தைச் சரிக்கட்டியிருக்கிறது. அவ்வளவுதான் அந்தத் தீக்குச்சிப் பெட்டி வேலைப்பாட்டின் ரகசியம். ஊரையே கூட்டி விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னது ஞாபகம் வந்து அவளுக்குக் காது மடல் சூடேறியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "அப்ப துணியெல்லாம் எப்படிப் பொருந்துச்சு?" என்றார்.

"ஆளையும் இதாலதான் அளந்தேன், துணியையும் இதாலதான் வெட்டினேன். ரெண்டுலயும் ஒரே தப்பு."

"அப்ப என்ன, விட்டுடு."

"நம்பரு? இத்தனை வருஷமா ஒவ்வொருத்தருக்கும் வாய் நிறைய நம்பர் சொல்லியிருக்கேனே, அது?"

அவர் டீயைக் கீழே வைத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அந்த வட்டாரத்துப் பெண்கள் ஏன் பக்கத்தில் இருக்கும் கடைகளை விட்டுவிட்டு இரண்டு தெரு தாண்டி, படியேறி இங்கே வந்து அளவு கொடுத்தார்கள் என்பதற்குக் காரணம் அவள் கைவேலை மட்டும் இல்லை. இங்கே வந்தால் இடுப்பு முக்கால் அங்குலம் குறைந்தது.

அவள் நினைத்தால் பழைய டேப்பிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தெரிந்த பிறகு அதைக் கையில் எடுத்தால் விரல் கூசியது. புதிய டேப் கழுத்துக்கு வந்தது. அதில் முதலில் மாட்டியவர் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்.

தலைமை நர்ஸ் மற்றவர்களின் எடையைக் குறிப்பதில் கறாரானவர். தன் இடுப்பு பத்து வருடமாக நாற்பத்திநாலேகாலைத் தாண்டவில்லை என்பதை நோயாளிகளுக்கு உதாரணமாகச் சொல்லுவார். டெய்லரம்மா டேப்பைச் சுற்றினாள், படித்தாள், தொண்டையைக் கனைத்தாள்.

"நாப்பத்தஞ்சு."

"திரும்பப் பாருங்க."

திரும்பப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சுதான் சிஸ்டர். நீங்க ஏறல. என் டேப்புதான் இத்தனை நாளா நீண்டு போயிருந்திருக்கு. உங்க இடுப்பு அப்பவும் நாப்பத்தஞ்சுதான்."

இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். தலைமை நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதத்தில் ஏறிய முக்கால் அங்குலத்தை மன்னித்திருப்பார். பத்து வருடமாகவே இருந்த முக்கால் அங்குலத்தை மன்னிப்பது கஷ்டம். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அந்த மாதத்தில் இன்னும் ஐந்து பேர் அதே மாதிரி இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி, "டேப்பு நீண்டுச்சாம், யாரு காதுல பூ சுத்துறாங்க" என்று கீழே நின்று சொன்னதைத் தங்கச்சி ஒரு சொல் விடாமல் மேலே கொண்டுவந்து சேர்த்தாள்.

டெய்லரம்மா இரண்டு மெஷின்களில் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்தாள். வேலை குறைந்ததில் வருத்தம் இருந்தது. அதைவிட, உண்மையைச் சொன்னதற்கு இப்படி மூஞ்சியைத் தூக்குவார்களா என்ற எரிச்சல் அதிகமாக இருந்தது. வீட்டுக்காரர் ஒருநாள், "எங்க பஸ்ஸுல ஐம்பது பேருன்னு எழுதியிருக்கும். தொண்ணூறு பேரு ஏறுவாங்க. யாரும் எண்ணிப் பாத்துச் சொன்னதில்ல" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை நர்ஸ் படியேறி வந்தார். முக்குத் தெரு டெய்லரிடம் போயிருக்கிறார். அங்கேயும் நாற்பத்தைந்துதான். அதோடு அந்த டெய்லர் தைத்த சீருடை அக்குளில் கடித்திருக்கிறது. டெய்லரம்மா முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அளந்துக்கோங்க. வாயால சொல்ல வேணாம், எழுதிக்கோங்க."

அன்றிலிருந்து டெய்லரம்மா யாருக்கும் நம்பர் சொல்வதில்லை. நோட்டில் எழுதி, கையால் மறைத்துக்கொள்வாள். பிரிந்து போனவர்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். மீதிப்பேர் வேறு எங்கோ நீண்ட டேப் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தங்கச்சி வீட்டில் இதற்குள் அந்தச் சறுக்குமரத்தில் குடைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை டெய்லரம்மா ரம்பத்தோடு இறங்கிப்போய் அதை அங்கேயே இரண்டாக அறுத்து இறக்கினாள். பிறகு கையில் எந்த டேப்பையும் எடுக்கவில்லை. பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, மாடத்துக்குள் விரித்து, ஓரங்களை நகத்தால் கீறி, கத்தரிக்கோலால் வெட்டினாள். கவுனுக்குக் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொள்வாளே, அதே மாதிரி. வெட்டிப் பார்த்தால் மாடம் ஒரு பக்கம் லேசாக விரிந்தும் மறுபக்கம் கோணியும் இருந்தது. எந்த டேப்பும் அதைச் சொல்லியிருக்காது.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பழைய மரக்கடைக்கே போனாள். அறுப்புக்காரர் அதைப் பலகை மேல் விரித்துப் பார்த்தார்.

"நம்பர் எங்க?"

"நம்பர் இல்ல. கோட்டு மேல அறுங்க."

"தையலுக்கு?"

"விடல."

துண்டு அசையவில்லை. அறுத்துக் கொடுத்தார். பலகை கோணல் சுவருக்குக் கோணலாகப் போய் ஒட்டி உட்கார்ந்தது. செங்கல் தெரிந்த இடத்தில் தங்கச்சி ஒரு நாட்காட்டியை மாட்டினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வாட்டம்தான்.

அதற்குப் பிறகு டெய்லரம்மா நிறுத்தவில்லை. வாரத்தில் ஒருநாள் மரவேலை என்று ஆகிவிட்டது. ஒரு ஸ்டூல் செய்தாள், வெட்டு மேஜை ஒன்று செய்தாள். வீட்டுக்காரருக்குப் படுக்கையோரம் ஒரு சின்னத் தட்டு அடித்தாள். ஸ்டூல் ஆடும், ஆடுகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். போன மாதம் வாசல் கதவுக்குப் பின்னால், கதவு இருக்கும் சுவருக்கும் பக்கத்துத் தூணுக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில் ஒரு செருப்பு அலமாரி வைக்கத் தீர்மானித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, காகிதம் விரித்து, வெட்டி, அறுத்து, ஆணியடித்து, மூன்று தட்டு வைத்து முடித்தாள். தூக்கி இடுக்கில் வைத்துக் காலால் ஓர் உதை விட்டதும் கச்சிதமாக உள்ளே போய்ப் பதிந்தது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. பிடித்து இழுக்க எங்கேயும் விரல் நுழையவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளினார். உள்பக்கம் திறக்கிற கதவு அது. நான்கு விரற்கடை திறந்து நின்றுவிட்டது.

"கதவைத் தொற."

"தொறந்துதான் இருக்கு."

"இதுக்கு மேல நகர மாட்டேங்குதே."

"செருப்பு அலமாரி முடிச்சுட்டேன்" என்றாள் டெய்லரம்மா. சொல்லும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் இடுக்கு வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். நிதானமாக, மேலிருந்து கீழே பார்த்தார். பேருந்தைச் சந்துக்குள் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற பார்வை.

"நல்லாத்தான் வந்திருக்கு. அளவு எப்படி?"

"ஒரு நூல் விலகல."

"அது தெரியுது."

தங்கச்சி சத்தம் கேட்டு ஏறி வந்துவிட்டாள். "மாமா, கீழ வந்து சாப்பிடுங்க. அக்கா வெளிய வர நாளாகும்."

"வர்றேன், நீ போ" என்று அவர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கழற்றிய பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "இதை எங்க வைக்கணும்?"

டெய்லரம்மா இடுக்கில் கையை நீட்டினாள். அவர் ஷூவைப் பக்கவாட்டில் திருப்பிக் கொடுத்தார். உராய்ந்துகொண்டு உள்ளே வந்தது. அதைத் துடைத்து நடுத்தட்டில் வைத்தாள், இரண்டாவதை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தாள், ஓரடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு ரம்பம் எங்கே என்று தேடப் போனாள்.